பெறுமாதத்துப் பயணங்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தால், அல்லது வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ பிள்ளை பிறக்க இருந்தால், பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு அம்மா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். இளைய பிள்ளை என்னிடம் படிக்கிறான். மூத்த மகள் கலியாணம் முடித்தவர், மாப்பிள்ளை லண்டனில்.

"டீச்சர், மூத்தவளுக்கு விசா வந்திட்டுது. ஆனா இப்ப ஏழு மாதம். ரிக்கற்றும் போட்டாச்சு. பிளேனில ஏத்துவாங்களோ? சனம் சொல்லுது, பெரிய சால்வையாப் போட்டு மறைச்சுக்கொண்டு போனா ஒருத்தரும் கேக்கமாட்டாங்களாம்."

நான் டொக்டர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவள். அவருக்கு உடனே சொன்ன பதில் ஒன்றுதான்: "மறைக்க வேண்டாம் அக்கா. முதலில் கிளினிக்கில் கேளுங்கோ." ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சால்வை மனதை விட்டுப் போகவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இந்த மண்ணிலிருந்து புறப்பட்டுப் போன பெண்கள் எத்தனை பேர்? எந்த வழியால் போனார்கள்? யார் போகச் சொன்னது? அதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் பழைய வழக்கத்தைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். வளைகாப்பு முடிந்ததும் அழைத்துப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பயணம் பெரும்பாலும் தேவைப்படவில்லை. இங்கே சீதனமாகப் பெண்ணுக்கு வீடு, காணி கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்ணின் பக்கம் வந்து குடியிருப்பார். தாய் அடுத்த வளவில் இருப்பார், இல்லாவிட்டால் ஒரு ஒழுங்கை தள்ளி இருப்பார். எங்கள் சோனகத் தெருவிலும் மகளுக்கு வீடு கொடுப்பதுதான் பல குடும்பங்களின் வழக்கம். வேலிப் பொட்டுக்குள்ளால் கூப்பிட்டால் தாய்க்குக் கேட்கும். நோ வந்தால் மருத்துவிச்சியைக் கூட்டி வர ஒருவர் ஓடுவார். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சுவதும், வேது வைத்துக் குளிக்க வார்ப்பதும் அதே வளவுக்குள் நடந்துவிடும்.

அதாவது எங்கள் ஊர் வழக்கத்தில் பெறுமாதப் பெண் பயணம் செய்யவில்லை. மற்றவர்கள்தான் அவளிடம் வந்தார்கள். பிள்ளைத்தாச்சி கண்டபடி வெளிக்கிடக் கூடாது, பொழுதுபட்டால் சந்தி தாண்டக் கூடாது என்றெல்லாம் எங்கள் பாட்டிமார் சொன்னதை நாங்கள் மூடநம்பிக்கை என்று சிரிக்கிறோம். சிலது அப்படித்தான். ஆனால் வண்டிலும் கல்லு ரோட்டும் இருந்த காலத்தில், நோ வந்த பெண்ணை நடுவழியில் தவிக்கவிடக் கூடாது என்ற கணக்கும் அதற்குள் இருந்திருக்கும்.

அந்த வழக்கத்துக்கு ஒரு குறையும் இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தால், இரத்தம் நிற்காவிட்டால், வளவுக்குள் இருந்த அறிவு போதவில்லை. பல தாய்மார் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் படிப்பித்தார். அவர் தமிழில் கொண்டுவந்த வைத்திய நூல்களில் பிரசவ வைத்திய நூலும் ஒன்று. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக மக்லியொட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதற்காகப் பணம் திரட்டியவர்கள் மேரி, மார்கரெட் லீச் என்ற இரண்டு சகோதரிகள். ஆண் வைத்தியரிடம் காட்டத் தயங்கிய குடும்பங்கள், எங்கள் சமூகம் உட்பட, பெண் வைத்தியர் இருக்கும் இடம் என்று நம்பிப் போகக்கூடிய இடமாக அது இருந்தது. பெறுமாதப் பெண்ணை வண்டிலில் ஏற்றிக்கொண்டு ஊர் கடந்து போவது அப்படித்தான் மெல்ல மெல்ல எங்களுக்குப் பழகியது. அந்தப் பயணம் உயிரைக் காத்தது.

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருப்பதற்கு அதுதான் தொடக்கம். எங்கள் ஆட்கள் "மிட்வைவ் மிஸ்" என்று கூப்பிடுவார்கள். கர்ப்பம் தரித்தால் பதிவார், வீட்டுக்கு வருவார், இரத்தச்சோகை பார்க்கச் சொல்வார், திகதி குறிப்பார். தென்னாசியாவில் தாய் மரணம் குறைந்த நாடு என்று இலங்கை பெயரெடுத்ததில் இந்த மிஸ்மாரின் சைக்கிளுக்கும் குடைக்கும் பெரிய பங்கு உண்டு.

இனி விமானத்துக்கு வருவோம்.

அச்சுவேலியில் இருப்பவர்களுக்குப் பலாலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை அமைத்த ஓடுபாதை அது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறை என்று பெயர் சொல்லி இந்தப் பலாலியில் இறங்கி, பிறகு மதராஸ் போனது. டக்கோட்டா விமானம், பெயர் சீதா தேவி. இலங்கை சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. இந்த நாட்டின் விமானப் போக்குவரத்து வரலாற்றின் முதல் வரியிலேயே எங்கள் பக்கத்து ஊர் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த பலாலி முட்கம்பி வேலியும் சோதனைச் சாவடியுந்தான்.

அந்த முட்கம்பிக் காலத்தில்தான் பெறுமாதப் பயணங்களின் கொடுமையான அத்தியாயம் வருகிறது.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடும் சிறு தொகைக் காசோடும் சனம் வெளிக்கிட்டது. அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம்.

அந்தக் கூட்டத்தில் என் உம்மாவும் இருந்தார். அப்போது அவருக்கு எட்டு மாதம். வயிற்றில் இருந்தது நான்.

கொஞ்சத் தூரம் லொறியில், கொஞ்சத் தூரம் நடந்து, வவுனியா போய், பிறகு புத்தளம். கையில் கிளினிக் கார்ட் இல்லை. ஒரு போத்தல் தண்ணீரை யாரோ கொடுத்தார்களாம். அந்த ஆளின் முகம் இன்றைக்கும் நினைவிருக்கிறது என்பார். அந்தப் பயணத்தைப் பற்றி உம்மா பெரிதாகக் கதைத்ததில்லை. ஒரே ஒரு முறை சொன்னார்:

"சாகிறதுக்குப் பயப்படேல்ல மகள். இத்தனை ஆம்பிளையளுக்கு நடுவில, நடுரோட்டில நோ வந்தா எங்க ஒதுங்கிறது எண்டுதான் பயந்தனான்."

டிசம்பரில் புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில் நான் பிறந்தேன். என் பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாணம் இல்லை. பள்ளிக்கூடம், கல்வியியற் கல்லூரி எல்லாம் முடித்து, நியமனத்தோடு இந்தப் பக்கம் வந்தபோதுதான், வயிற்றுக்குள் இருந்தபடி நான் விட்டுப்போன ஊரைக் கண்ணால் கண்டேன்.

இதை எங்கள் கதை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. ஏனென்றால் சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30, 1995இல், வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. சூரியக்கதிர் நடவடிக்கையில் இராணுவம் நெருங்கி வர, எல்லோரும் வெளியேறும்படி புலிகளின் அறிவித்தல் வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம், மழைக்குள்ளால், நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் - கைதடிப் பாதையாலும் தென்மராட்சிக்குப் போனது. சண்டை முதலில் இந்தப் பக்கந்தான் வந்ததால், அச்சுவேலிச் சனம் பலர் அதற்கு முன்னரே வெளிக்கிட்டிருந்தார்கள். உங்கள் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அந்த இரவில் பிள்ளைத்தாச்சியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனவர்கள், சேலையை மறைப்பாகப் பிடித்துப் பிள்ளை பெறுவித்தவர்கள், இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். என்னுடைய வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் தாய் அந்த வருடம் கைதடியில் பிறந்தவர். அவருக்கும் எனக்கும் ஒரே வகைப் பிறப்புச் சான்றிதழ், பிறந்த ஊர் வேறு.

நடுவில் கிளாலி இருந்தது. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டுப் போனபோது, வெளியே போக ஒரே வழி இரவில் கடல்நீரேரியை வள்ளத்தில் கடப்பது. விளக்குக் கொளுத்த முடியாது. 1993 ஜனவரி 2ஆம் திகதி இரவு அந்த நீரேரியில் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சனம் போனது. கொழும்பில் காட்ட வேண்டிய நோயாளரும் போனார்கள், வெளிநாட்டில் இருக்கும் புருஷனிடம் சேரவேண்டிய பெண்களும் போனார்கள். அவர்களில் பிள்ளை சுமந்தவர்களும் இருந்தார்கள்.

1996க்குப் பிறகு கப்பல், அல்லது பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மறுபடி மூடியது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் பாதை நிரந்தரமாகத் திறந்தது. 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமானது. கொரோனாவால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இன்று வீட்டுக்கு மேலால் விமானம் இறங்கும் சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளைகள் பதுங்குகுழி தேடுவதில்லை, கை காட்டுகிறார்கள்.

இந்த நாற்பது வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. அடுத்த வளவில் இருந்த தாயும் மகளும், அச்சுவேலியும் ரொறொன்ரோவும் ஆனார்கள். சரக்குத் தூள் பார்சலில் போகிறது. பத்தியக் கறி வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. தாய்க்கு விசா கிடைத்தால் தாய் போகிறார். கிடைக்காவிட்டால் மகள் வயிற்றோடு வருகிறார், அல்லது வயிற்றோடு போகிறார். பெறுமாதத்தில் நீண்ட விமானப் பயணம் என்ற பிரச்சினை எங்கள் சமூகத்துக்கு வந்த வழி இதுதான். இது ஒருவருடைய பிடிவாதத்தால் வந்ததல்ல. வேலிப் பொட்டு அவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டது.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். இங்கே நான் எழுதுவது பொதுவான விஷயம். முடிவு உங்கள் டொக்டருடையது.

உடம்பில் வேறு கோளாறு இல்லாத, ஒற்றைப் பிள்ளை சுமக்கும் பெண்ணுக்கு விமானப் பயணம் தன்னளவில் ஆபத்து இல்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் நிற்பதுபோல இருக்கும். நுவரெலியாவில் நிற்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனை இறுகப் பிடித்து வைக்கக்கூடியது, அதனால் பிள்ளை தாங்கும். ஆனால் தாய்க்குக் கடுமையான இரத்தச்சோகை இருந்தால் கதை வேறு. இரத்தப்போக்கு, உயர் இரத்த அழுத்தம், முந்திப் பிள்ளை பிறக்கும் அறிகுறி, நச்சுக்கொடி கீழே இருப்பது, இவை இருந்தாலும் அப்படித்தான்.

இரண்டாவது, கால் நாளங்களில் இரத்தம் உறைவது. கர்ப்ப காலத்தில் இரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். அதோடு மணிக்கணக்காகக் காலைத் தொங்கப்போட்டு இருந்தால் கட்டி உருவாகலாம். அது நெஞ்சுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணங்களில் இந்தப் பயம் கூடுகிறது.

இங்கேதான் எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்காவிலிருந்து லண்டனுக்கு நேரே போகும் விமானம் ஏறத்தாழ 11 மணித்தியாலம். ஆனால் அச்சுவேலிப் பெண்ணின் பயணம் கட்டுநாயக்காவில் தொடங்குவதில்லை. வீட்டுப் படலையில் தொடங்குகிறது. வான் ஓட்டம் 7, 8 மணித்தியாலம். விமான நிலையத்தில் 3, 4 மணித்தியாலம். எல்லாம் கூட்டினால் 21 முதல் 23 மணித்தியாலம். வழியனுப்பப் பத்துப் பேர் ஏறிய வானில், சாமானுக்கு நடுவே, காலை நீட்ட இடமில்லாமல். விமானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம், வானைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. முடிந்தால் ஒரு நாள் முந்திப் போய் நீர்கொழும்புப் பக்கம் தங்கி, படுத்து எழும்பிப் போங்கள். வழியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வையுங்கள். சலம் வரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டாம். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். இருக்கைப் பட்டி வயிற்றுக்கு மேலால் அல்ல, கீழால் போக வேண்டும்.

மூன்றாவது, மாதக் கணக்கு. நாங்கள் "ஏழு மாதம்", "எட்டு மாதம்" என்கிறோம். விமான நிறுவனங்கள் கிழமைக் கணக்குப் பார்க்கின்றன. பொதுவாக 28 கிழமைக்குப் பிறகு டொக்டரின் கடிதம் கேட்பார்கள். ஒற்றைப் பிள்ளை என்றால் 36 கிழமையளவோடும், இரட்டைப் பிள்ளை என்றால் 32 கிழமையளவோடும் பல நிறுவனங்கள் நிறுத்திவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். ரிக்கற் போடும் முன் கேளுங்கள், இரண்டு விமானம் மாறினால் இரண்டு நிறுவனத்திடமும் கேளுங்கள். இங்கே வந்து திரும்பிப் போகிறவர்கள், வரும் நாளை மட்டுமல்ல, திரும்பும் நாளிலும் எத்தனை கிழமை என்று எண்ணுங்கள். கடிதத்தில் கிழமை, பிள்ளை பிறக்கும் உத்தேசத் திகதி, ஒற்றையா இரட்டையா, பயணத்துக்கு உடம்பு தகுதியா என்பவை இருக்க வேண்டும். கிளினிக் கார்ட்டின் பிரதியும் கைப்பைக்குள் இருக்கட்டும். பெட்டிக்குள் போட்டால் பயனில்லை.

நான்காவது, சால்வை. வயிற்றை மறைத்து ஏறினால் ஏமாறுவது விமானக் கொம்பனி இல்லை. 35,000 அடி உயரத்தில், நடுக்கடலுக்கு மேல் நோ வந்தால், இரத்தம் போனால், அங்கே சத்திரசிகிச்சைக் கூடமும் இல்லை, இரத்த வங்கியும் இல்லை. அவர்கள் கிழமை கேட்பது அதற்காகத்தான்.

குர்ஆனில் மர்யம் (அலை) அவர்களுக்கு நோ வந்தபோது, சனத்தை விட்டுத் தூரமாக, ஒரு பேரீச்ச மரத்தடியில் தனியே இருந்தார். இதற்கு முன்னரே இறந்திருக்கக் கூடாதா என்று சொல்லுமளவுக்கு வேதனை. இறைவன் அவருக்குக் காலடியில் ஓடையையும் மரத்தில் பழத்தையும் கொடுத்தான். இங்குள்ள கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு அதே தாய் நிறைமாதத்தில் பெத்லகேமுக்குப் போன கதை தெரியும். இரண்டு கதையிலும் அவர் விரும்பித் தனித்துப் பிள்ளை பெறவில்லை. என் உம்மாவும் விரும்பிப் போகவில்லை. கைதடிக்கு நடந்த உங்கள் அம்மாமாரும் விரும்பிப் போகவில்லை. அவர்களிடம் ஒருவரும் எத்தனை கிழமை என்று கேட்கவில்லை.

இன்று கேட்கிறார்கள். கேட்க ஒரு ஆள் இருப்பதுதான் நாங்கள் கண்ட மாற்றம். அதைச் சால்வையால் மூட வேண்டாம்.

அந்த மகள் கிளினிக்குக்குப் போனார். முதல் ஸ்கானின்படி எண்ணிப் பார்த்தால் பயண நாளில் 35 கிழமை வருகிறது. இரத்தமும் குறைவு. டொக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ரிக்கற் காசில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்குக் கவலை, லீவு கேட்டிருக்கிறாராம். அந்த அம்மாவுக்கு வருத்தம் பாதி, சந்தோசம் பாதி. "பேரப்பிள்ளையைக் கையில வாங்கப் போறன் டீச்சர்" என்றார். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம்.

உங்கள் வீட்டு அம்மம்மா, அப்பம்மா, உம்மம்மாமாரிடம் கேளுங்கள்: 90இலும் 95இலும், கிளாலியிலும், வயிற்றோடு எப்படிப் போனீர்கள் என்று. சொன்னால் கீழே எழுதுங்கள். பெயர் தேவையில்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்தால்தான் அது வரலாறாகும்.

வஸ்ஸலாம்.